பேர் வெட்டிய டம்ளர்

தர்ஷிகாவுக்கு ஒரு குணம் உண்டு. ஒன்றை முடிவு செய்துவிட்டால், அதைச் செய்வதற்கு முன்னால் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாதல்லவா, அதற்காகத்தான் என்பாள். அவள் புருசன் சசிக்குமார் இதற்கு வேறொரு காரணம் சொல்வான். அதை இங்கே எழுத வேண்டாம், குடும்பம் நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தத் தடவை அவள் ஊருக்குச் சொன்னது இதுதான்: புது வீட்டில் பால் காய்ச்சும் நாளன்று ஒரு பிளாஸ்டிக் கோப்பைகூட வாசலுக்குள் வராது. சோற்றுத் தட்டில் விரிக்கும் லஞ்ச் சீட்டும் வராது. பால்சோறு வாழையிலையில், தேத்தண்ணீர் சில்வர் டம்ளரில்.

கோப்பைமேல் அவளுக்கு அப்படி என்ன ஆத்திரம் என்றால், இருந்தது. எல்கடுவையில் அவர்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்குக் கீழே, மண் சரியாது என்று சொன்ன இடத்தில், தனி வீடு கட்டக் காணி பிரித்துக் கொடுத்தார்கள். இத்தனை காலம் மேல் லயத்துக்காரர்கள் மேலேயும் பணிய லயத்துக்காரர்கள் கீழேயும் இருந்தார்கள். இப்போது சீட்டுக் குலுக்கியதில் எல்லாரும் கலந்துபோனார்கள். பணிய லயத்தில் பிறந்த தர்ஷிகாவுக்கு ரோட்டோரம் ஒரு காணி விழுந்தது. அதற்குப் பக்கத்துக் காணி மேல் லயத்து மாணிக்கவாசகத்துக்கு விழுந்தது. கங்காணியாக இருந்து ஓய்வெடுத்தவர், கோயில் கொமிட்டித் தலைவர், வாயில் வெற்றிலை இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. இரண்டு காணிக்கும் நடுவில் ரோட்டுக்கு அடியில் ஒரு போக்கு. மலையிலிருந்து வரும் தண்ணீர் முழுக்க அந்தப் போக்கு வழியாகத்தான் ஓடையில் விழ வேண்டும்.

போன மாரியில் விழவில்லை. சுவர் ஜன்னல் மட்டம் வரைக்கும் எழும்பியிருந்த தர்ஷிகாவின் வீட்டுக்குள் சேறும் தண்ணீருமாகப் புகுந்து, சீமெந்து மூட்டைகளைக் கல்லாக்கிவிட்டுப் போனது. அவளும் சசிக்குமாரும் போக்குக்குள் கையை விட்டு இழுத்தார்கள். கோப்பை வந்தது. ஒன்றுக்குள் ஒன்று செருகிய கோப்பை, நசுங்கிய கோப்பை, கோயில் திருவிழாக் கோப்பை, கல்யாணக் கோப்பை, கருமாதிக் கோப்பை. அவற்றை ஒட்டவைத்துக்கொண்டு லஞ்ச் சீட்டும் சொப்பிங் பேக்கும். இழுக்க இழுக்க வந்தது. மழையைத் திட்டி என்ன செய்வது, அவள் கோப்பையைத் திட்டினாள். அந்தக் குப்பையில் தன் கல்யாணத்துக் கோப்பையும் கிடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஆத்திரம் இன்னும் கொஞ்சம் கூடியது.

வீட்டைத் திரும்ப எழுப்பினார்கள். போக்கின் ஓரமாக ஒரு கல்கட்டும் கட்டினாள். பிறகு டம்ளர் வாங்க மாத்தளைக்கு பஸ் ஏறினாள்.

பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பலீல் நானாவுக்குத் தோட்டத்து ஆட்கள் எல்லாரையும் தெரியும்.

"என்னா டீச்சர் மகள், விசேசமா?" தர்ஷிகா தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறவள் என்பதால் நானாவுக்கு அவள் டீச்சர் மகள்.

"வூடு குடி போறோம் நானா. சில்வர் டம்ளர் வேணும். ஊருக்கே காணுற மாதிரி."

"டம்ளரா? அந்தா கட்டுக் கட்டா கோப்ப ஈக்கி. குடிச்சிப் போட்டு வீசிட்டுப் போறதுதானே. யாரு இப்ப கழுவுற?"

"நான் கழுவுறேன்."

நானா டம்ளர்களை இறக்கித் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் கழுவ ஏலாமத்தான் கோப்ப வாங்குற எண்டு சொல்ற. எனக்கென்னமோ அதுக்கு மட்டும் வாங்குற மாதிரி தெரியல்ல மகள். பீலித் தண்ணி பக்கத்துலயே ஈக்கிற ஆக்களும் வாங்குறாங்க."

தர்ஷிகா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானா வியாபாரம் பேசுகிறார் என்று நினைத்தாள்.

"பேர் வெட்டவா? என்னா பேரு?"

பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டுவது வழக்கம்தான். தன் பேரைச் சொல்ல வாயெடுத்தவள், "ராசம்மான்னு வெட்டுங்க" என்றாள். ராசம்மா அவளுடைய அம்மா. அந்த வீட்டுக்கு அத்திவாரம் போட்டதே அம்மா ஓய்வெடுத்தபோது வந்த ஈபிஎப் காசில்தான். கொழுந்து பறித்த காலம் முழுக்க அம்மாவுக்குத் தோட்டத்துச் சம்பளப் பதிவில் ஒரு செக்ரோல் நம்பர்தான் இருந்தது. அவள் பேர் எதிலும் வெட்டப்பட்டு தர்ஷிகா பார்த்ததில்லை. நானாவின் சின்ன மெஷின் கிர் கிர்ரென்று ஒவ்வொரு டம்ளரின் வயிற்றிலும் அம்மாவின் பேரை எழுதியது. அவளுக்குச் சந்தோசமாக இருந்தது.

அம்மாவுக்கு இருக்கவில்லை. ஒரு டம்ளரைக் கையில் எடுத்து, எழுத்தின்மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள்.

"என் பேர எதுக்கு வெட்டின? மாப்புள பேர வெட்டியிருக்கலாம்ல."

"வூடு ஒங்களுதும்மா."

"அதெல்லாம் சரி. ஒரு கட்டு கோப்பையும் வாங்கி வையி. சும்மா ஒரு பக்கமா கெடக்கட்டும்."

"ஒரு கோப்பகூட வராதுன்னு ஊருக்கே சொல்லிட்டேன்மா."

"ஊருக்கு எதுக்குச் சொன்ன?" என்றாள் ராசம்மா. அவள் குரலில் பயம் இருந்தது. தர்ஷிகா அதை அலுப்பு என்று எடுத்துக்கொண்டாள்.

குங்குமச் சிமிழும் வெற்றிலைத் தட்டுமாக அழைக்கப் புறப்பட்டாள். முதல் வீடு மாணிக்கவாசகத்தின் வீடு. அவர்கள் இன்னும் மேல் லயத்துக் காம்பராவில்தான் இருந்தார்கள். அவர்களுடைய புது வீட்டுக்கும் கூரை போட்டாகிவிட்டது, அடுத்த மாதம் குடிபோகப் போகிறார்கள். அவர் பெண்சாதி மங்களேஸ்வரி, ஊருக்கு மங்களம், நல்ல மனுசி. போன மழையில் மம்பட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவர்களில் அவளும் ஒருத்தி.

"வந்துர்றோம் புள்ள. டவுனுக்குப் போற ஆள் இருக்கு, கோப்ப வாங்கிட்டு வரச் சொல்லவா?"

"வேணாங்க அக்கா. எல்லாருக்கும் சில்வர் டம்ளர்தான். அந்தப் போக்க நீங்களும் பாத்தீங்கதானே?"

மங்களத்தின் கை குங்குமச் சிமிழின்மேல் ஒரு நிமிசம் நின்றது. "நல்லதுதான்," என்றாள். "பாத்து வர்றோம்."

மேல் லயத்தில் எல்லா வீட்டிலும் தர்ஷிகா அதே பெருமையோடு அதையே சொன்னாள். எல்லா வீட்டிலும் "நல்லதுதான்" என்றார்கள். எல்லா வீட்டிலும் "பாத்து வர்றோம்" என்றார்கள். ஊர் திருந்திவிட்டது என்ற நினைப்பில் அவள் திரும்பி வந்தாள். ஊரைத் திருத்தப் புறப்படுகிறவர்களுக்கு இந்த நினைப்பு சீக்கிரம் வந்துவிடும்.

ராசம்மா பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "பாத்து வர்றோம்னா சொன்னாங்க?"

"ஆமா."

"எல்லாருமா?"

"மேல் லயத்துல எல்லாரும்தான். ஏம்மா?"

ராசம்மா சுளகைக் கீழே வைத்தாள். "அவங்க நம்ம வூட்டுல டம்ளர்ல குடிச்சு நீ பாத்திருக்கியா?"

"என் கல்யாணத்துல எல்லாரும்தானே குடிச்சாங்க."

"கோப்பையில குடிச்சாங்க."

தர்ஷிகாவுக்குப் புரியவில்லை. அம்மாவே சொன்னாள்.

"கோப்ப கடையிலருந்து வர்றது. நம்ம வாய் பட்டதில்ல. குடிச்சிட்டு நசுக்கிப் போட்டா முடிஞ்சிச்சு. கோப்ப வர்றதுக்கு முந்தி அவங்க நம்ம வூட்டு விசேசத்துக்கு வருவாங்க, வெத்தல எடுத்துக்குவாங்க. சோடா குடுத்தா மூடி தொறக்காம வாங்கிக்குவாங்க. தேத்தண்ணி நீட்டினா இப்பதான் குடிச்சோம்பாங்க. பச்சத் தண்ணின்னா அண்ணாந்து ஊத்திக்கலாம். கொதிக்கிற தேத்தண்ணிய அண்ணாந்து குடிக்க ஏலுமா? டம்ளர்ல வாய வெச்சுத்தானே ஆகணும்? அதான் தொட மாட்டாங்க. அவங்க வூட்டுக்கு நாம போனா, பின்பக்கமா தேங்கா செரட்டையில ஊத்திக் குடுப்பாங்க. குடிச்சிட்டு செரட்டைய நாமளே தூக்கிப் போட்டுட்டு வரணும்."

"இப்ப யாரும்மா அதெல்லாம் பாக்குறா?"

"பாக்கத் தேவையில்லாமப் போச்சு புள்ள. கோப்ப வந்துச்சு. அவங்களுக்கும் கோப்ப, நமக்கும் கோப்ப. ஒரே தட்டுலருந்து எடுத்தோம். ஒன் கல்யாணத்துல கங்காணி நம்ம வாசல்ல ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சாரு. நான் அடுப்படிக்குள்ள போயி சந்தோசத்துல அழுதேன். நீ என்னடான்னா அந்தக் கோப்பையத் தூக்கிப் போட்டுட்டு வந்து நிக்கிற. அதுவும் என் பேர வெட்டி."

தர்ஷிகாவுக்கு முகம் எரிந்தது. சாதி என்று ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாததல்ல. அது கல்யாணம் பேசும்போது மட்டும் எட்டிப் பார்க்கிற சங்கதி என்று நினைத்திருந்தாள். தன் கல்யாண போட்டோவில் கோப்பையோடு சிரித்துக்கொண்டிருந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அவர்கள் குடித்தது அவள் வீட்டுத் தேத்தண்ணீரைத்தான், ஆனால் கடைக்காரனின் கோப்பையில். போக்கை அடைத்த குப்பை என்று அவள் நினைத்ததை அம்மா மரியாதை என்று இத்தனை வருசம் நெஞ்சில் வைத்திருந்தாள். தர்ஷிகாவுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பொறுக்கவில்லை.

கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்யும் சசிக்குமாருக்கு போன் எடுத்துச் சொன்னாள். அவன் சுற்றி வளைக்கவில்லை.

"கோப்ப வாங்கிடு. காலம் பூரா அவங்க பக்கத்துலதானே இருக்கப் போறோம்."

"அதனாலதான் வாங்க மாட்டேன். காலம் பூரா பக்கத்துல இருக்கப் போறவங்க என் வூட்டுல வாய் நனைப்பாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியணும்."

"நனைக்காட்டி?"

"நனைக்காட்டி, நனைக்கலன்னு தெரிஞ்சுக்கிட்டு இருப்போம்."

சசிக்குமார் பெருமூச்சு விட்டான். பிறகு கடை முதலாளியிடம் லீவு சொல்லப் போனான்.

பால் நல்லபடியாகப் பொங்கியது. கிழக்குப் பக்கமாகவே வழிந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேல் லயத்துக்காரர்கள் வந்தார்கள், வராமல் இருக்கவில்லை. மொய்க் கவரும் சாமி படமும் சுவர்க் கடிகாரமும் கொண்டுவந்தார்கள். பால்சோற்றை வாழையிலையில் வாங்கிச் சாப்பிட்டார்கள். இலையை எறிந்துவிடலாம் பாருங்கள், அதனால் அதில் சிக்கல் இல்லை.

அதன் பிறகு தேத்தண்ணீர்த் தட்டு வந்தது. பணிய லயத்து ஆட்கள் எடுத்துக் குடித்தார்கள். தட்டு மேல் லயத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்த மறுபக்கத்துக் கதிரைகளுக்குப் போனது. ஒருவர் இப்போதுதான் குடித்துவிட்டு வந்தாராம். ஒருவருக்குச் சீனி வருத்தம். ஒருத்திக்கு விரதம். சற்று முன்னால் பால்சோறு சாப்பிட்ட விரதம். தட்டு போன மாதிரியே திரும்பி வந்தது.

மங்களம் எழுந்து வந்தாள். சொப்பிங் பேக்கிலிருந்து ஒரு கட்டு பிளாஸ்டிக் கோப்பையை எடுத்து தர்ஷிகாவிடம் நீட்டினாள். முகத்தில் உண்மையான கரிசனம் இருந்தது.

"கழுவுற வேல ஒனக்கு மிச்சம் புள்ள. இதுல ஊத்திக் குடு, எல்லாரும் குடிப்பாங்க."

ராசம்மா அதை வாங்கக் கையை நீட்டிவிட்டாள். தர்ஷிகா முந்திக்கொண்டாள். இரண்டு கையாலும் வாங்கி, கட்டைப் பிரிக்காமல் மொய்ப் பொருட்களோடு மேசையில் வைத்தாள். பிறகு தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து மங்களத்திடம் நீட்டினாள்.

"இதுல குடிங்க அக்கா."

"இல்ல புள்ள, நான்..."

"குடிக்காட்டியும் பரவால்ல. ஏன் குடிக்கலன்னு மட்டும் சொல்லிருங்க. வாயத் தொறந்து காரணத்தச் சொன்னா, இந்தக் கோப்பைய நானே பிரிச்சு ஊத்தித் தர்றேன். இங்க இருக்குறவங்க யாரு சொன்னாலும் சரி."

ரேடியோப் பெட்டியில் பக்திப் பாட்டு மட்டும் ஓடியது. யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல முடியாதவர்களாகத்தான் அவர்கள் எல்லாரும் இருந்தார்கள். செய்யலாம், தலைமுறை தலைமுறையாகச் செய்யலாம், ஆனால் பட்டப்பகலில் ஒரு முன்பள்ளி டீச்சரின் முகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வெட்கம். கோப்பை அவர்களை அந்த வெட்கத்திலிருந்து இத்தனை காலம் காப்பாற்றியிருந்தது. மாணிக்கவாசகம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் மச்சானைப் பார்த்தார், மச்சான் கூரையைப் பார்த்தான். மங்களத்தின் கண் கலங்கிவிட்டது. தலை சுற்றுகிறது என்று சொல்லிப் படியிறங்கிப் போனாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள்.

டம்ளர்களில் தேத்தண்ணீர் ஆறி ஆடை படிந்துபோயிருந்தது. தர்ஷிகா அவ்வளவையும் கொய்யாமரத்து அடியில் ஊற்றி, டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். அழவில்லை. அழ வேண்டும்போல இருந்தது, ஆனால் அம்மா ஏற்கெனவே அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள். ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதும்.

"கெடுத்துட்டியே புள்ள," என்றாள் ராசம்மா. "இருந்ததையும் கெடுத்துட்டியே."

"இருந்ததா? என்னாம்மா இருந்துச்சு?"

ராசம்மா அடுப்புச் சாம்பலை அள்ளத் தொடங்கினாள். பல நாட்கள் மகளோடு சரியாகப் பேசவில்லை. மங்களம் கொடுத்த கோப்பைக் கட்டு அலமாரி மேல் பிரிக்காமலே இருந்தது. தர்ஷிகா முன்பள்ளிக்குப் போய் வந்தாள். வழியில் மேல் லயத்துக்காரர்களைப் பார்த்தால், முன்பு எப்படி "வாங்க, நல்லாருக்கீங்களா" என்பாளோ அப்படியே சொன்னாள். தான் தலை குனிய ஒன்றும் செய்யவில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சில பேர் பதில் சொன்னார்கள். சில பேருக்கு அந்த நேரம் பார்த்து கைபோன் அடித்தது.

பிறகு மழை பிடித்தது. அதற்கு முந்தின நாள்தான் மேலே ஒரு வீட்டில் பிள்ளை பெரியவளானதற்குச் சடங்கு. கோப்பையும் லஞ்ச் சீட்டும் மழைத்தண்ணீர் ஓடும் கானில் வந்து போக்கின் வாயில் அடைத்துக்கொண்டன. இந்தத் தடவை தர்ஷிகாவின் பக்கம் கல்கட்டு இருந்தது. தண்ணீர் அதில் முட்டித் திரும்பி, மாணிக்கவாசகத்தின் புது வீட்டு முற்றத்துக்குள் இறங்கியது. அடுத்த கிழமை அவர்கள் குடிபோகும் நாள். பந்தலுக்கு இறக்கி வைத்திருந்த தகரமும் மணலும் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தன.

ஜன்னல் வழியாக தர்ஷிகா பார்த்தாள். கிழவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தனியாகப் போக்குக்குள் குனிந்து நின்றார். இப்போது புத்தி வரட்டும் என்று ஒரு நினைப்பு அவளுக்கு வரத்தான் செய்தது. வந்ததை அங்கேயே விட்டுவிட்டு மம்பட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"தள்ளி நில்லுங்க தலைவரே. இதுல எனக்குத்தான் பழக்கம்."

இரண்டு பேரும் இழுத்தார்கள். கோப்பை கோப்பையாக வந்தது. கடைசியில் அடைப்பு உடைந்து தண்ணீர் சத்தத்தோடு பாய்ந்தபோது, கிழவர் சேற்றுக் கையை மழையில் நீட்டிக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"இதுல ஒன்னுகூட ஒன் வூட்டுது இல்ல. என்னா டீச்சர்?"

"இல்லங்க."

"அன்னிக்கு நான் குடிக்கல."

"தெரியும் தலைவரே."

"கை வரைக்கும் வந்துச்சு. பக்கத்துல மச்சான் இருந்தான். அவன் என்னா நெனப்பானோன்னு நான் பாத்தேன். நான் என்னா நெனப்பேனோன்னு அவன் பாத்திருப்பான்." அவர் காறித் துப்பினார், வெற்றிலைச் சாற்றையா வேறெதையாவதா தெரியவில்லை. "என் வூட்டுக் காரியத்துக்குக் கோப்ப வராது. போயி மங்களத்துக்கிட்ட சொல்றேன்."

இரண்டு நாள் கழித்து மங்களம் ஒரு கூடையோடு வந்தாள். வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னபோது வந்து, உட்காரச் சொன்னபோது உட்காராமல், கதவு நிலையைப் பார்த்துப் பேசினாள்.

"அவரு கோப்ப கூடாதுன்னு ஒரே புடியா நிக்கிறாரு. எங்கக்கிட்ட அம்புட்டு டம்ளர் இல்ல. ஒங்ககிட்ட இருக்குறத... நல்லா கழுவித் திருப்பித் தந்துர்றேன்."

ராசம்மா அதற்குள் அலமாரியிலிருந்து டம்ளர்களை இறக்கத் தொடங்கிவிட்டாள். மேல் லயத்து வீட்டிலிருந்து ஒருத்தி தன்னிடம் பாத்திரம் கேட்டு வந்தது அவள் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. ஒரு டம்ளரைக் கூடையில் வைத்தபோது மங்களத்தின் கண் அதன் வயிற்றில் போய் நின்றது.

"பேர் வெட்டியிருக்கே," என்றாள் மங்களம்.

"புளி போட்டுத் தேச்சாலும் போகாதுங்க," என்று ராசம்மா மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னாள். "பேரு உள்பக்கமா வர்ற மாதிரி தட்டுல திருப்பி வெச்சா தெரியாது."

தர்ஷிகாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் திருப்பணும்? தர மாட்டோம்னு சொல்லலக்கா. தர்றோம். ஆனா பேர மறைச்சு வெக்கிறதா இருந்தா ஒரு டம்ளரும் இங்கருந்து போகாது."

ராசம்மா மகளைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள், அன்றைக்குப் பார்த்த மாதிரியே எழுத்தின்மேல் கட்டைவிரலை ஓட்டினாள். மகள் அடுத்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது, அவளைக் கையமர்த்திவிட்டு ராசம்மாவே பேசினாள்.

"டம்ளரோட நானும் வர்றேன் மங்களம். முன்வாசல் வழியா வர்றேன். எல்லாரும் ஒக்கார்ற எடத்துல எனக்கும் ஒரு கதிர போடு. மொதத் தேத்தண்ணிய என் பேரு போட்ட டம்ளர்ல எனக்கு ஊத்து. அதுக்குப் பொறகு மத்தவங்களுக்குக் குடு."

அம்மா வெளியாள் யாரையும் பேர் சொல்லி, நீ என்று சொல்லிப் பேசி தர்ஷிகா கேட்டதேயில்லை. அதுவும் மேல் லயத்துக்காரியை. மங்களம் கூடையின் பிடியை இரண்டு தரம் மாற்றிப் பிடித்தாள். கடைசியில், "வெள்ளனவே வந்துருங்க," என்றாள். தலையில் டம்ளர்க் கூடையோடு அவள் படியிறங்கும்போது, தர்ஷிகா அலமாரி மேலிருந்த கோப்பைக் கட்டையும் எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "இது ஒங்களுது அக்கா. பிரிக்கல."

மாணிக்கவாசகத்தின் வீட்டில் பால் பொங்கிய அன்று வெயில் நன்றாக அடித்தது. ராசம்மா கோயிலுக்கு மட்டும் கட்டும் அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு, முன்வாசல் வழியாக ஏறி, நடுக் கூடத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். முதுகைச் சாய்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் தர்ஷிகாவும் சசிக்குமாரும். பந்தல் நிறைய மேல் லயத்து ஆட்கள்.

மங்களம் தட்டோடு வந்தாள். முதல் டம்ளரை ராசம்மாவிடம் நீட்டினாள். தட்டு ஆடியதில் கொஞ்சம் சிந்தியது. ஆனால் நீட்டினாள். பிறகு தட்டு ஊரைச் சுற்றியது.

மச்சான்காரன் ஒரு டம்ளரை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "ராசம்மா," என்று உரக்கப் படித்தான். "யாரு ராசம்மா?"

தெரியாமல் கேட்டானா தெரிந்தே கேட்டானா என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. கூடத்தில் பேச்சு அடங்கிவிட்டது.

"அந்தா ஒக்காந்திருக்காங்க பாரு," என்றார் மாணிக்கவாசகம். "அவங்க டம்ளர்தான். ஒன் கையில இருக்குறதும், என் கையில இருக்குறதும்."

சொல்லிவிட்டு அவர் தன் டம்ளரைத் தூக்கினார். பழக்க தோசம், கை தானாகத் தலைக்கு மேலே போய்விட்டது, தலையும் அண்ணாந்துவிட்டது. ஆவி முகத்தில் அடித்தது. கொதிக்கிற தேத்தண்ணீரை அப்படி ஊற்றினால் தொண்டை வெந்துபோகும். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கை மெதுவாகக் கீழே இறங்கியது. டம்ளரின் விளிம்பில் உதட்டை வைத்து ஊதி ஊதிக் குடித்தார். மச்சான் கொஞ்ச நேரம் டம்ளரை வெறித்துப் பார்த்தான். பிறகு அவனும் ஊதினான். ஓரிரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். போகாதவர்கள்தான் நிறையப் பேர்.

ராசம்மா அதுவரை குடிக்கவில்லை. இப்போது தன் டம்ளரை உதட்டில் வைத்து ஒரு மிடறு குடித்தாள். வாயில் வைத்து ருசி பார்த்தாள். அந்த வீட்டு ஆட்களிடம் ஆயுளுக்கும் எதையும் கேட்காதவள், கொடுத்ததை நின்றபடி குடித்துவிட்டுச் சிரட்டையை எறிந்துவிட்டுப் போனவள், கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"மங்களம்," என்றாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "சீனி காணாது."

மங்களம் சீனிப் போத்தலை எடுத்து வர உள்ளே போனாள்.